செயலி என்னும் சொல்லால் என் வீட்டில் விழுந்த இடி

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தங்கள் வார இதழை முதல் பக்கத்துப் படம் தொடங்கி கடைசிப் பக்கத்து அச்சக முகவரி வரை ஒரு வரி விடாமல் படிக்கும் வாசகன், கைகூப்பி எழுதிக்கொள்வது. தாங்களும், துணை ஆசிரியர்களும், மெய்ப்புத் திருத்துபவரும், பக்கம் கட்டுபவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் முழுக்க என் வீட்டில் யாரும் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள்தான் என்பதை மரியாதையோடு தெரிவிக்கவே இக்கடிதம்.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் குரலைக் கேட்டு எவரும் தவறான வண்டியில் ஏறியதில்லை. இரைச்சலில் ஆறு என்றால் யாருக்காவது நூறு என்று கேட்டுவிடும் என்பதால் எதையும் இரண்டு முறை சொல்லுவேன். இப்போதும் வீட்டில் அப்படித்தான், உப்பு கேட்டாலும் இரண்டு முறைதான் கேட்பேன். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், அதற்கு மேல் இருந்தால் வண்டி மோதும் என்பது என் கொள்கை. அதனால்தான் தங்கள் இதழின் ‘புதுச்சொல் பெட்டி’ பகுதியை வாராவாரம் வெட்டி ஒட்டி வைத்து, ஓய்வு பெற்ற நாள் முதல் வீட்டில் எல்லோரும் நல்ல தமிழில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டேன். என் மனைவி மட்டும் குக்கரைக் குக்கர் என்றே சொல்லுவாள். அவளை அதட்டும் தைரியம் எனக்கு ஒலிபெருக்கி கையில் இருந்த காலத்திலேயே வந்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணம் ஆன கையோடு கடல் தாண்டிய ஓர் ஊரில், மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். மாப்பிள்ளைக்கு நுழைவு அனுமதி இன்னும் வரவில்லை. அங்கேயும் வாடகை, இங்கேயும் வாடகை என்றால் கட்டுப்படியாகாது என்று அவர் எங்கள் வீட்டு மாடியறைக்கு வந்துவிட்டார். ‘வீட்டோட மாப்பிள்ளை’ என்ற சொல் யார் வாயிலிருந்தும் தவறி விழுந்துவிடக் கூடாதே என்று நானும் மனைவியும் நாக்கைக் கடித்துக்கொண்டு நடமாடுகிறோம். அவரோ பரம சாது. இரண்டாம் முறை சோறு கேட்க மாட்டார், மின்விசிறியைக்கூட ஒன்றில்தான் வைப்பார். வரும்போது ஒரு துணிப்பையும், ஒரு பெரிய விளையாட்டுக் கணினியும் கொண்டு வந்தார். கல்லூரி நாளில் வாங்கியதாம், பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. சாயங்காலமானால் அதன் முன்னால் உட்கார்ந்து விளையாடுவார். வேலை தேட வேண்டிய மனிதர் இப்படி விளையாடுகிறாரே என்று முதலில் எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. மகளிடம் ஜாடையாகக் கேட்டபோது அவள் சொன்னாள்: “அப்பா, அவர் தனியா விளையாடல. நானும்தான் இங்கேருந்து வரேன். அதுக்குள்ள எங்களுக்கு ஒரு வீடு இருக்கு, ஆடு இருக்கு, தோட்டம் இருக்கு. அவர் விறகு வெட்டிட்டு வருவார், நான் சுவர் கட்டுவேன். போன்ல பேசினா வாடகை, விசான்னு அழுகையிலதான் முடியுது. அங்க போனாத்தான் நாங்க குடும்பம் நடத்தறோம்.” ஆக, மாடியில் இருக்கும் அந்தப் பெட்டிதான் என் மகளின் புகுந்த வீடு. இதைத் தாங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

போன வாரம் சாப்பாட்டு மேசையில் மாப்பிள்ளை மூன்று முறை கனைத்துவிட்டு, “மாமா, விளையாட்டோட புதுப் பதிப்பு வெள்ளிக்கிழமை வருது. அது பழைய செயலியில ஓடாது. வேற செயலி மாத்தணும். முழுக் கணினியும் புதுசா வாங்க நமக்கு வசதி இல்ல, செயலி மட்டும் பழசுல கிடைச்சா போதும். கையில இருக்கறதுக்கு மேல கொஞ்சம் துண்டு விழுது,” என்றார். எனக்காகவே மாடியில் உட்கார்ந்து தங்கள் இதழைப் படித்து, பொறுக்கியெடுத்த சொற்கள். ஆனால் ஐயா, நான் வெட்டி ஒட்டி வைத்திருக்கும் இதழில் செயலி என்றால் என்ன என்று போட்டிருக்கிறீர்கள்? கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்வது. எரிவாயு உருளைக்குப் பதிவு செய்ய ஒன்று, மின்கட்டணம் கட்ட ஒன்று, எல்லாம் இலவசம். நான் வாய்விட்டுச் சிரித்து, “செயலிக்கு யாராவது காசு கொடுப்பாங்களா மாப்பிள்ளை? சும்மா கிடைக்குமே, சும்மா கிடைக்குமே,” என்று இரண்டு முறை அறிவித்தேன். அவர் முகம் தொங்கிப்போயிற்று. “சரி மாமா. இதை மட்டும் அவகிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா வாயைக் கட்டி வயித்தைக் கட்டிப் பணம் அனுப்புவா,” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பாதிச் சோறு தட்டிலேயே இருந்தது.

சொல்லாதே என்றால் எனக்கு இருப்புக் கொள்ளாது. வாழ்நாள் முழுக்கச் சொல்வதற்கே சம்பளம் வாங்கியவன் நான். அன்றைக்கே மகள் பேசியபோது, வேடிக்கையாகத்தான், “உன் வீட்டுக்காரர் விளையாட்டுச் செயலிக்குப் பணம் கட்டணுமாம், துண்டு விழுதாம், உன்கிட்ட சொல்லக் கூடாதாம்,” என்றேன்.  “எந்தச் செயலிப்பா? சீட்டாட்டமா? பந்தயமா? எவ்வளவு விட்டிருக்கார்?” என்று ஒரு குரல் வந்தது பாருங்கள், அது என் மகளின் குரல் என்று நம்பவே எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவளோடு வேலை செய்யும் ஒரு பெண்ணின் கணவன் இப்படித்தான் பணம் கட்டி விளையாடும் செயலியில் நகை, வண்டி எல்லாவற்றையும் தொலைத்தானாம். “அவர் கையில ஒத்தைக் காசு குடுக்காதீங்க!” என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாதுவான மனிதர், மின்விசிறியை ஒன்றில் வைப்பவர், அவரா சூதாடி? சட்டென்று நானும் நம்பிவிட்டேன் ஐயா. மனைவி மட்டும், “அவர் முகத்தைப் பாத்தா அப்படித் தெரியலைங்க. நீங்க என்னத்தையோ மாத்திச் சொல்லியிருக்கீங்க,” என்றாள். நானா? மாற்றிச் சொன்னேனா? அன்று இரவு கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே படுத்தேன்.

மறுநாள் மாலை மாடியறைப் பக்கம் போனேன். மாப்பிள்ளை திரையின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு வீடு, வெளியே கொட்டும் மழை, மழையில் நனைந்தபடி ஒரு பொம்மை மனிதன். “என்ன மாப்பிள்ளை?” என்றேன். “கதவை எடுத்துட்டா மாமா. கதவு இருந்த இடத்துல சுவர் கட்டிட்டா,” என்றார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் பிராசசருக்குத்தான் கேட்டேன்னு எழுதி அனுப்பினேன். ‘எங்கப்பா மைக்ல ஒரு நாளும் பொய் சொன்னதில்ல’ன்னு பதில் போட்டுட்டா. அப்புறம் போனே எடுக்கல. ஆட்டுக்குத் தீனி போட மட்டும் தினமும் உள்ள வரா. நான் வெளியில நின்னு பாத்துக்கிட்டிருப்பேன். வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அதுவும் முடியாது, என்னை உள்ளயே விடாது.” அவர் என்மேல் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிராசசர் என்று அவர் சொன்னது என் காதில் என்னவோ ஊர்ப்பெயர் போல விழுந்தது, கேட்டுத் தெளியவும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இங்கேதான் அடுத்த இடி தயாராகிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாப்பிள்ளை குளிக்கப் போயிருந்தபோது கூடத்தில் இருந்த அவர் கைப்பேசி விடாமல் அடித்தது. பந்தயக்காரனாக இருந்தால் ஒரு பிடி பிடிக்கலாம் என்று எடுத்தேன். “சார், செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிராசசர் கேட்டிருந்தீங்களே, இருக்கு,” என்றது ஒரு குரல். தொலைபேசியில் அது எனக்குப் ‘ப்ரொபசர்’ என்று கேட்டது. ஓகோ, நுழைவு அனுமதிக்கு மொழித் தேர்வு உண்டே, அதற்குப் பாடம் சொல்லத்தான் மாப்பிள்ளை ஒரு பேராசிரியரைத் தேடியிருக்கிறார், காசு கேட்டது அதற்குத்தான் என்று எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. மாப்பிள்ளை சூதாடி இல்லை என்ற மகிழ்ச்சியில் கண் கலங்கிவிட்டது. செகண்ட் ஹேண்ட் என்றால் ஓய்வு பெற்றவராக இருக்கும், என்னைப் போல.

“வயசு என்ன தம்பி இருக்கும்?” என்றேன்.

“நாலு வருஷம் ஓடியிருக்கு சார். ஆனா புதுசு மாதிரி இருக்கும்.”

ஓய்வு பெற்று நான்கு வருடம் என்று எடுத்துக்கொண்டேன். “இதுக்கு முன்னாடி எங்க இருந்தார்?”

“ஒரு காலேஜ் பையன்கிட்ட இருந்துச்சு சார். ராப்பகலா போட்டு ஓட்டியிருக்கான். ஒரு நாள்கூட மக்கர் பண்ணல.”

படித்த பெரியவரை இருந்துச்சு, ஓட்டியிருக்கான் என்கிறானே என்று எனக்கு அதிர்ச்சி. அடக்கிக்கொண்டு, “கோபம்கீபம் வருமா?” என்றேன்.

“சூடா? வேலை அதிகம் குடுத்தா கொஞ்சம் சூடாகும். தலைக்கு மேல ஃபேன் ஓடினா போதும், அடங்கிடும். பசை மட்டும் தடவிடுங்க.”

“பசையா? எங்க?”

“உச்சந்தலையிலதான் சார். பட்டாணி அளவு. ஒரு தடவை தடவினா ரெண்டு மூணு வருஷம் தாங்கும்.”

எனக்குத் தலை சுற்றியது. “நடமாட்டம் எல்லாம் எப்படி? கால் நல்லா இருக்கா?”

“ஒரு கால்கூட வளையல சார். லென்ஸ் வெச்சு எல்லாக் காலையும் பாத்துட்டேன். சாயங்காலம் நானே கொண்டாந்து குடுத்துட்டுப் பணம் வாங்கிக்கறேன். ஒத்து வரலைன்னா திருப்பி எடுத்துக்கறேன்.”

உடல்நலம் சரியில்லாத பெரியவர் போலிருக்கிறது, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் கீழறையை ஒழித்து, படுக்கை விரித்து, தலைக்கு உயரமாக இரண்டு தலையணை வைத்து, படி ஏற முடியாதவர் என்று கழிவறைக்கு வழுக்காத மிதியடியும் போட்டாள். சாயங்காலம் தலைக்கவசத்தோடு ஓர் ஆள் மட்டும் வந்து நின்றான். “அவர் எங்கே, வண்டியிலேயே உட்கார்ந்திருக்காரா? கைத்தாங்கலா கூட்டிட்டு வரலாமே,” என்று நான் வாசலுக்கு ஓடினேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பிஸ்கட் அளவில் ஒரு சதுரச் சில்லை எடுத்தான். அடியில் பொடிப் பொடியாக ஆயிரத்துக்கு மேல் தங்க நிறக் கால்கள். “இதுதான் சார் பிராசசர்,” என்றான். படி இறங்கி வந்த மாப்பிள்ளை, “வந்துடுச்சா? இதைத்தான் மாமா நான் செயலின்னு சொன்னேன்,” என்றார். நான் அப்படியே விரித்த படுக்கையில் உட்கார்ந்துவிட்டேன். செயலி! கணினியின் மூளைக்கும் அதே பெயரா? மாப்பிள்ளை மாடிக்கு ஓடி, நான் ஊரில் இல்லாத வாரத்தில் வந்து என் கண்ணுக்குத் தப்பிய ஓர் இதழை எடுத்து வந்து காட்டினார். தாங்களேதான் ஐயா! அதே பெட்டி! அதே சொல்! இரண்டு வண்டியை ஒரே தண்டவாளத்தில் விட்டுவிட்டு நடுவில் என் குடும்பத்தை நிறுத்தியிருக்கிறீர்கள்.

துண்டு விழுந்ததை நான்தான் போட்டேன். உடனே மகளைக் கூப்பிட்டேன். “அவருக்காகப் பேசறதா இருந்தா வேண்டாம்பா,” என்று வைத்துவிட்டாள். இனி விளையாட்டுக்குள்ளே போய்த்தான் அவளைப் பிடிக்க வேண்டும், அதற்கு இந்தச் சில்லு வேலை செய்தாக வேண்டும். புதுப் பதிப்பு வரும் நாளும் வந்துவிட்டது. மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து, பழைய செயலியின் மேலே உட்கார்ந்திருந்த விசிறியின் திருகுகளைக் கழற்றி, “மாமா, பசை காஞ்சிருக்கும், லேசா திருகி—” என்று சொல்லி முடிப்பதற்குள், உதவி செய்யும் ஆர்வத்தில் நான் ஒரே இழுப்பாக இழுத்தேன். விசிறியோடு பழைய செயலியும் பிடுங்கிக்கொண்டு கையில் வந்துவிட்டது. ஒரு மூலையில் கால்கள் சாய்ந்துகிடந்தன. எனக்குத் திக்கென்றது. “பரவால்ல மாமா, பழசுதானே,” என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, புதியதைப் பொருத்தி, உச்சந்தலையில் பட்டாணி அளவு பசை வைத்து, விசிறியை மாட்டிப் பொத்தானை அழுத்தினார். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, திரை மட்டும் கரிக்கட்டை. மாப்பிள்ளை நெற்றியில் அடித்துக்கொண்டார். செயலியைத் தாங்கும் தாய்ப்பலகை பழைய காலத்ததாம். இப்படி ஒரு செயலி வரப்போகிறது என்று அதற்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுமாம், அந்தச் செய்தியைப் பழைய செயலி உட்கார்ந்திருக்கும்போதுதான் ஏற்ற முடியுமாம். “சொல்லாம கொள்ளாம ஒருத்தரைக் கொண்டாந்து உக்கார வெச்சா எந்த வீட்லதான் ஏத்துக்குவாங்க?” என்றாள் என் மனைவி. சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பது அவளுக்கு உறைத்தது. “உங்களைச் சொல்லலைங்க,” என்று பதறினாள். “தெரியும் அத்தை. சொல்லாம வந்த இந்தச் சில்லுக்கே நீங்க ரெண்டு தலையணை குடுத்தீங்களே,” என்று அவர் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் நான் காலை உடைத்த பழைய செயலி எழுந்து நின்றால்தானே புதியது உள்ளே வரும்! மாப்பிள்ளை நுனியில் ஊசித்துளை உள்ள எழுதுகோல் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த கரிக்குச்சியை உருவிவிட்டு, அந்தத் துளையை ஒவ்வொரு காலிலும் மாட்டி மயிரிழை மயிரிழையாக நிமிர்த்தினார். நான் பூதக்கண்ணாடி பிடித்தேன். மூச்சு விடாதீங்க மாமா என்றார், விடவில்லை. கடைசிக் கால் நிமிர்ந்ததும் பழையதைத் திரும்பப் பொருத்திப் பொத்தானை அழுத்தினால், திரையில் வெளிச்சம்! பிறகு செய்தி ஏறும் நேரம் முழுக்க மின்சாரம் போனால் தாய்ப்பலகையே செத்துவிடும் என்று அவர் சொன்னதால், என் மனைவி கரண்டியும் கையுமாக மின்பெட்டிக்கு முன்னால் காவல் நின்றாள். மறுபடியும் கழற்றி, மறுபடியும் பசை, மறுபடியும் மாட்டி, இந்த முறை கணினி தன் புது மூளையின் பெயரைத் தானே சொன்னது. மூன்று பேரும் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

புதுப் பதிப்பு உள்ளே விட்டது. அதே வீடு, கதவில்லாத சுவர். கொல்லையில் ஒரு பெண் பொம்மை ஆட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தது. அவள்தான் என் மகள் என்று மாப்பிள்ளை காட்டினார். பார்த்து எத்தனை மாதமாயிற்று! அவர் காதில் மாட்டியிருந்ததை வாங்கி நான் மாட்டிக்கொண்டு, ஒலிவாங்கியை வாய்க்கு நேரே இழுத்து, பழைய குரலை எடுத்தேன். “மகளின் கனிவான கவனத்திற்கு. செயலி குறித்து முன்னர் செய்யப்பட்ட அறிவிப்பு தவறானது. மாப்பிள்ளை கேட்டது சூதாட்டத்துக்கு அல்ல, உன்னைப் பார்க்க வருவதற்கு. உன் அப்பன் ஒரு முட்டாள். மீண்டும் சொல்கிறேன், உன் அப்பன் ஒரு முட்டாள்.” பெண் பொம்மை தீனி போடுவதை நிறுத்தியது. பிறகு காதில் ஒரு விசும்பல் கேட்டது. அது சிரிப்பா அழுகையா என்று இத்தனை வருட அனுபவமுள்ள என் காதுக்கே தெரியவில்லை. “அப்பா... நீங்களா? உள்ள வாங்க, மழை பெய்யுது,” என்று சொல்லிக்கொண்டே அவள் சுவரை உடைத்தாள். நான் கருவியைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டேன்.

ஐயா, குடும்பம் பிழைத்தது என்னவோ உண்மை. அதற்காகத் தங்களை நான் விடுவதாக இல்லை. இரண்டில் ஒன்றுக்குத் தாங்கள் உடனடியாக வேறு சொல் தர வேண்டும். தரும்வரை இதழை நிறுத்துகிறேன். வீட்டில் போட்ட தமிழ்ச் சட்டத்தையும் தள்ளி வைத்திருக்கிறேன். அந்தக் கணினிப் பக்கம் இனி என் நிழல்கூடப் படாது. ஒரே இழுப்பில் ஒரு குடும்பத்தைக் குலைக்கக்கூடிய பொருளை என் வயதில் நெருங்குவதற்கில்லை.

தங்கள் இதழ் பிழையின்றி வளரவும், தங்கள் இல்லத்தில் மகள், மாப்பிள்ளை, மற்ற எல்லோரும் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரிந்து நீடு வாழவும் வாழ்த்தி விடைபெறும்,

இடி விழுந்தும் எழுந்து நிற்கும் வாசகன்.

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டுமுன் மாப்பிள்ளை மாடியிலிருந்து குதித்து வந்தார்; நுழைவு அனுமதி வந்துவிட்டதாம். துணிப்பையோடு புறப்படுகிறார். கணினியை எடுத்துப் போக முடியாதாம், அங்கே மகளிடம் இருப்பதே இருவருக்கும் போதுமாம். ஆகவே மேலே எழுதிய எதையும் தாங்கள் பொருட்படுத்த வேண்டாம். சொல்லை மாற்ற வேண்டாம், இதழையும் நிறுத்த வேண்டாம். மாப்பிள்ளை காலையிலிருந்து எனக்கும் என் மனைவிக்கும் விறகு வெட்டவும் சுவர் கட்டவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறார். மகள் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறாளாம். இனி எங்களுக்கு அவளைத் தினமும் பார்க்க அதுதானே ஐயா வழி.